அரிசிமலைக் குடாவுக்குப் போக: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டையை ஒட்டிய அரிசிமலைக் கடற்கரையைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். பாறைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கும் சின்னக் குடா அது. மணல் நுணுக்கமாக இல்லாமல் அரிசி அரிசியாக இருக்கும், பெயரும் அதனால்தான். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரிப் படுகையிலிருந்து வந்தவை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இலங்கை கைக்கெட்டும் ஊராகிவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எந்த மாதத்தில் போனால் நல்லது? பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையில்தான் ஓய்வு. டிசம்பரில் போகலாமா? (மன்னார்குடி வாசகர்)

டிசம்பர் வேண்டாம். உங்கள் ஊரில் சம்பா வயலுக்கு மழை கொடுக்கிற அதே வடகிழக்குப் பருவமழைதான் திருகோணமலையிலும் கொட்டுகிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அந்தக் கரை காற்றுக்கும் அலைக்கும் நேர் எதிரே நிற்கிறது. கடல் கலங்கிப் பழுப்பாக இருக்கும். படகு எடுக்க மாட்டார்கள். நாகைக் கப்பலும் அந்த மாதங்களில் நின்றுவிடுகிறது.

இலங்கை என்றாலே டிசம்பர், ஜனவரிதான் சீசன் என்று பயண முகவர்கள் சொல்வது தென்மேற்குக் கரைக்குப் பொருந்தும். கிழக்குக் கரையில் கணக்கு தலைகீழ். அங்கே ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் படிந்து கிடக்கும்.

ஆனால் கப்பலில் போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஜூன் பிறந்தால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். திருகோணமலைக் கரை அப்போது காற்று மறைவில் இருப்பதால் குடா அமைதியாகத்தான் இருக்கும். நடுவில் பாக் நீரிணையில்தான் கப்பல் ஆடும். சில நாள் ரத்தும் ஆகும். கப்பலுக்கும் குடாவுக்கும் சேர்த்துப் பார்த்தால் பங்குனி நடுவிலிருந்து வைகாசி வரைதான் சரியான காலம். சம்பாவும் தாளடியும் அறுத்து முடித்து, ஜூன் 12 மேட்டூர்த் தண்ணீருக்காகக் காத்திருக்கிற நாட்கள்தானே அவை! விவசாயிக்கு இதைவிடத் தோதான காலம் கிடைக்காது. பிள்ளைகளுக்கும் முழுப் பரீட்சை முடிந்திருக்கும்.

அந்தக் காலத்திலும் இரண்டு சமயங்களைத் தள்ளிவிடுங்கள். ஒன்று, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரம்: இலங்கையில் தமிழர், சிங்களர் இருவருக்கும் அது புத்தாண்டு. பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, கடைகள் பல நாள் மூடியிருக்கும். இன்னொன்று, மே மாதப் பௌர்ணமியில் வரும் வெசாக். அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

கேள்வி: நாகையிலிருந்து அரிசிமலை வரை வழியைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எத்தனை நாள் வேண்டும்? (சீர்காழி வாசகர்)

முதலில் காகிதங்கள். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இ.டி.ஏ. என்ற இணைய நுழைவு அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். முதலில் 30 நாள் தருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டா, இல்லையா என்பது அவ்வப்போது மாறுகிறது. இலங்கை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரியின் கடைசியில் ‘கவ் டாட் எல்.கே.’ என்று முடிகிறதா பாருங்கள். அனுமதி வந்ததும் ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் போன் சார்ஜ் இறங்கிப் போய் நிற்பவர்கள் அதிகம்.

கப்பல் சேவை முதலில் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 150 இருக்கை கொண்ட ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாகைத் துறைமுகம் கடுவையாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காங்கேசன்துறை சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். நாலு மணி நேரப் பயணம். எல்லாக் கிழமையும் கப்பல் கிடையாது. எந்தெந்தக் கிழமை, எத்தனை கிலோ சுமை என்பதை முன்பதிவு செய்யும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குடியகல்வுச் சோதனைக்கு நேரம் ஆகும் என்பதால் சீட்டில் போட்டிருக்கிற வருகை நேரத்துக்குப் பிந்தக் கூடாது.

காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள். அன்றைக்கு அங்கேயே தங்குங்கள். போனுக்கு சிம் வாங்குவது, பணம் மாற்றுவது எல்லாம் அங்கேயே முடித்துவிட வேண்டும். நம் ஊர் யு.பி.ஐ. 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் செல்லும். ஆனால் அதை நம்பிப் புல்மோட்டை வரை போகாதீர்கள், கையில் இலங்கை ரூபாய் இருக்கட்டும்.

மறுநாள் காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து திருகோணமலை பஸ். ஏ9 சாலையில் வவுனியா வரை வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும். ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். பகல் வண்டியில் போங்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அரிசிமலை. திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி சுமார் 15 கிலோமீட்டர், குச்சவெளி 35, புல்மோட்டை ஏறக்குறைய 55. புல்மோட்டைக்கு பஸ் உண்டு. அங்கிருந்து குடாவுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். இலங்கையில் ‘முச்சக்கர வண்டி’ அல்லது ‘ஆட்டோ’ என்றாலே புரியும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். போவதற்கு மட்டும் ஆட்டோ பேசி இறங்கிவிடுவார்கள். திரும்ப வண்டி அங்கே வராது. போனில் அழைக்கலாம் என்றால் சிக்னல் நம்பும்படி இருக்காது. போக, வர, காத்திருக்க மூன்றுக்கும் சேர்த்து வாடகை பேசுங்கள். பணத்தைப் புல்மோட்டை திரும்பிய பிறகு கொடுங்கள். பஸ்ஸில் போனால் புல்மோட்டையில் இறங்கியவுடன் முதல் வேலையாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் திருகோணமலையிலிருந்தே ஒரு வேன் பேசுவது மேல்.

போக வர ஆறு நாள். அதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பாக வையுங்கள். திரும்பும் கப்பல் காற்றுக்காக ரத்தானால் அடுத்த கப்பல் மறுநாளே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர் திரும்பிய மறுநாள் கல்யாணம், பத்திரப் பதிவு என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல் ஒத்துவராதவர்கள் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போய், கோட்டை ரயில் நிலையத்தில் திருகோணமலை இரவு ரயிலைப் பிடிக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. பஸ்ஸில் வேளாங்கண்ணி போனாலே வாந்தி எடுப்பார்கள். கப்பலில் அழைத்துப் போகலாமா? (நாகூர் வாசகி)

சித்திரை மாதத்தில் என்றால் தாராளமாக. மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வயிறு அதை உள்ளே வைத்துக்கொள்ளாது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுவிட வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அவர்களைப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் சில மாத்திரைகள் ஆகாது. அவை தூக்கம் தருபவை என்பதால் இறங்கும்போது கையைப் பிடித்து இறக்குங்கள்.

கப்பலில் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், ஜன்னலோரம் உட்கார வையுங்கள். கண் தொடுவானத்தின் கோட்டில் நிற்க வேண்டும். போனில் படம் பார்த்தால் பத்தே நிமிடத்தில் தலை சுற்றும். காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, பூரி, வடையும் கூடாது.

கேள்வி: மணல் எப்படி அரிசி போல் இருக்கும்? நம் கரையில் ஏன் அப்படி இல்லை? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். (திருவாரூர் ஆசிரியை)

ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். வெள்ளையும் இளமஞ்சளுமாய், சில கண்ணாடி போலவும் சில பால் போலவும், குருணை அளவுக்கு நிற்கும். கையைத் தட்டினால் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். பெரும்பாலும் அது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய, வெந்து உருமாறிய கெட்டிப் பாறை. அந்தப் பாறை திருகோணமலைப் பக்கம் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. வெயிலும் மழையும் பட்டுப் பாறை நைந்தால் அதிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிக் கரைந்து போய்விடும். குவார்ட்ஸ் கரையாது, மணியாக நிற்கும். பாறைக்குப் பக்கத்திலேயே விழுந்த மணல் என்பதால் அதிக தூரம் உருண்டு தேய அதற்கு வாய்ப்பில்லை. நம் காவிரியோ குடகிலிருந்து 800 கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு வருகிறது. கனமானதை வழியிலேயே போட்டுவிட்டு, கடைசியில் நுண்மணலையும் வண்டலையும்தான் கடலில் சேர்க்கிறது. கோடியக்கரை தாண்டி முத்துப்பேட்டைப் பக்கம் போனால் அதுவும் போய் வெறும் சேறு, அலையாத்திக் காடு. அவர்களுக்கும் ஒரு காவிரி உண்டு: இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அந்தக் குடாவின் கரை நம் கரையைப் போலவே தாழ்ந்து, வண்டலாகத்தான் இருக்கும்.

புல்மோட்டை மணலில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகளும் தெரியும். பிள்ளைகள் அதை எண்ணெய்க் கழிவு என்று நினைப்பார்கள். அது இல்மனைட், டைட்டானியம் உள்ள கனிமம். ரூட்டைல், சிர்க்கானும் அதோடு உண்டு. குவார்ட்ஸைவிடக் கனமானவை என்பதால், அலை லேசான மணலைக் கழுவிக்கொண்டு போக இவை கோடாகத் தங்கிவிடுகின்றன. முறத்தில் அரிசி புடைக்கும்போது கல் ஒரு பக்கம் ஒதுங்குவதைக் காட்டிச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். புல்மோட்டையில் இதை அள்ளிப் பிரிக்கும் அரசு ஆலையே இருக்கிறது.

கேள்வி: எனக்குச் சிறு வயதிலிருந்து கடலில் நீச்சல் பழக்கம். அரிசிமலையில் இறங்கிக் குளிக்கலாம்தானே? (வேதாரண்யம் வாசகர்)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள்தான் அங்கே அதிகம் சிக்குகிறார்கள்.

உங்கள் கடல் வேறு, அந்தக் கடல் வேறு. பாக் நீரிணையில் தண்ணீர் ஆழமில்லை. கோடியக்கரைக்கு மேற்கே வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். அரிசிமலையில் மணல் பருவெட்டு. பருவெட்டு மணலில் அலைத் தண்ணீர் திரும்பி ஓடாமல் உள்ளேயே இறங்கிவிடும். அதனால் அலை கொண்டுவந்து போட்ட மணலைத் திரும்ப இழுத்துப் போக விசை இருக்காது. மணல் குவிந்து குவிந்து கரை செங்குத்துச் சரிவாகிவிடும். முழங்கால் அளவில் நிற்கிறீர்கள், இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவு. காலுக்குக் கீழே மணல் உருளும், ஊன்ற முடியாது. சரிவான கரையில் அலை தூரத்தில் உடையாமல் கரையின் மேலேயே ‘டம்’ என்று உடையும். முதுகைக் காட்டி நின்றால் குப்புறத் தள்ளி மணலில் முகத்தைத் தேய்த்துவிடும். கழுத்து எலும்பு போவதும் இப்படித்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் அலையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நில்லுங்கள்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் மேட்டில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலைகள் வரிசையாக வரும்; ஏழெட்டுச் சின்ன அலை, பிறகு மூன்று நாலு பெரிய அலை. வந்த உடனே பார்த்துவிட்டு ‘அமைதியாக இருக்கிறதே’ என்று இறங்குகிறவர் அந்த இடைவெளியில் ஏமாந்தவர். எல்லா இடத்திலும் அலை வெள்ளையாக உடைய, ஒரு துண்டில் மட்டும் உடையாமல் கறுத்துத் தெரிகிறதா? நுரை அங்கே கரையை விட்டுக் கடலுக்குள் போகிறதா? அதுதான் உள்ளிழுக்கும் நீரோட்டம். குடாக்களில் பெரும்பாலும் பாறையை ஒட்டியே ஓடும். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு அதுதான் இறங்கத் தோதான இடமாகத் தெரியும்.

சிக்கிவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். எவ்வளவு வலுவுள்ளவரும் இரண்டு நிமிடத்தில் களைத்துப்போவார். மல்லாந்து மிதந்தபடி மூச்சை நிதானமாக விடுங்கள். இழுவை தளர்ந்ததும் கரைக்கு இணையாக, பாறையை விட்டு விலகும் பக்கமாக நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளும். ஒருவர் சிக்கினால் இன்னொருவர் குதிக்கவே கூடாது. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் காலியானதும் மூடியை இறுக்கி, கைப்பிடியில் இருபது மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே இருந்தால் எறிய எடை கிடைக்கும். மிதக்கிற ஆளின் தலைக்கு அப்பால் எறிந்து, கயிற்றை அவர் தோளின் மேல் இழுத்து வர வேண்டும். இதைக் குளத்தங்கரையில் நாலு தடவை பழகிப் பாருங்கள்.

கச்சான் காலத்தில் போனால் இன்னொரு ஆபத்து. கடல் தட்டு போல் கிடக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. குழந்தையை லாரி டியூபிலோ காற்றடைத்த வாத்திலோ உட்கார வைத்தால் நீங்கள் திரும்புவதற்குள் அது நூறு மீட்டர் போயிருக்கும். அங்கே இவை எதுவும் வேண்டவே வேண்டாம்.

பெண்கள் புடவையோடு இடுப்புக்கு மேல் இறங்காதீர்கள். நனைந்த ஆறு கஜம் காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடுங்கள்.

பாறை மேல் ஏறுவதற்கு ஒரே விதி: உலர்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள். ஈரமாக இருக்கிறது என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது, மறுபடியும் வரும். பச்சையும் கறுப்புமாய்ப் பாசி பிடித்த இடம் ரப்பர் செருப்புக்கு எண்ணெய்ச் சட்டி.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? (கும்பகோணம் வாசகி)

திருகோணமலை நகரில் சைவ உணவகங்கள் உண்டு. இடியப்பமும் சொதியும் காலையில் நன்றாக இருக்கும். மற்றக் கடைகளில் ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று கேளுங்கள். தேங்காய்ச் சம்பலில் மட்டும் கவனம். மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவது அங்கே வழக்கம். தூளாகக் கலந்திருப்பதால் கண்ணில் படாது. ‘மாசி போட்டதா?’ என்று வாய் திறந்து கேட்டுவிட்டால் உள்ளபடி சொல்வார்கள். குடாவில் ஒன்றும் கிடைக்காது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். மே மாத வெயிலில் தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும்.

கேள்வி: புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கப் போகிறோம். முகமூடி வாடகைக்கு எடுத்தால் தண்ணீர் உள்ளே வருகிறது என்கிறார்கள். ஏன்? (தஞ்சாவூர் கல்லூரி மாணவர்)

மீசைதான் பாதிக் காரணம். ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் அந்த வழியே தண்ணீர் கசியும். மீசையின் மேல் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். முகமூடியை எடுக்கும்போதே சோதித்துவிடலாம்: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் அது முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வேறு அளவு கேளுங்கள். பட்டையை அதிகம் இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் ஒரு துளி பேபி ஷாம்பு தேய்த்து அலசுங்கள்.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், படகில் பதினைந்து நிமிடத்துக்குள். 2003 முதல் தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டு வனவிலங்குத் துறையினுடையது, படகு வாடகை தனி. இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம் உண்டா என்று கேட்கப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். காலை முதல் படகில் போனால் தண்ணீர் தெளிவு, கூட்டமும் குறைவு. படகு கிளம்பும் முன்பே மிதவைச் சட்டையைப் போடுங்கள். தோள் பட்டையை ஒருவர் மேலே இழுத்தால் அது காது வரை வரக் கூடாது. வந்தால் பக்கவாட்டு நாடாக்களை இறுக்க வேண்டும்.

தண்ணீரில் களைத்தால் பலர் பவளத்தின் மேல் காலை ஊன்றுகிறார்கள். அது உயிர். நாம் ஒரு நிமிடம் நின்று உடைத்தது வளரப் பல ஆண்டுகள் ஆகும். நிற்க வேண்டுமென்றால் மணல் திட்டுக்கு வாருங்கள். பவளம் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் துணுக்கை இடுக்கியால் எடுத்து மருந்து போடுங்கள். கடல்முள்ளி குத்தினால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை வைத்தால் வலி அடங்கும். கறுப்பு நுனித் துடுப்புள்ள சின்னச் சுறாக்கள் கண்ணில் படலாம். துரத்தாமல் விட்டால் அவை தம்பாட்டுக்குப் போகும்.

கேள்வி: கோணேசர் கோயிலையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? (மயிலாடுதுறை வாசகர்)

பார்க்காமல் திரும்பினால்தான் குறை. சீர்காழிப் பிள்ளை ஞானசம்பந்தர் கோணமாமலை என்று பாடிய தலம். நூறு மீட்டருக்கு மேல் கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கிற பாறையின் தலையில் இருக்கிறது. பழைய கோயிலைப் போர்ச்சுகீசியர் 1620களில் இடித்து அந்தக் கல்லைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கும் அந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். 1956ல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் பாறைக்கடியில் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள்.

மாலைப் பூசைக்குப் போங்கள். பகலில் கல்தரை காலைப் பொசுக்கும். கோட்டைக்குள் மான்கள் கிட்டே வரும். பிளாஸ்டிக் பையோடு தின்றுவிடும் என்பதால் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். இராவணன் வெட்டு என்கிற பிளவின் விளிம்பில் நின்று செல்பி எடுக்க வேண்டாம். மார்ச், ஏப்ரலில் மேலிருந்தே திமிங்கிலம் ஊதுவது சில நாள் தெரியும். 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலிருந்தே தொடங்குவதால் நீலத் திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்டே வருகின்றன.

கேள்வி: டிரோன் எடுத்துப் போகலாமா? (காரைக்கால் வாசகர்)

முன் அனுமதி இல்லாமல் கூடாது. திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள ஊர். சோதனைச் சாவடி, முகாம், கப்பல் எதையும் போனிலும் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: கடை எதுவும் இல்லை என்கிறீர்கள். அரை நாளுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (பட்டுக்கோட்டை வாசகர்)

தண்ணீர், ஆளுக்கு மூன்று லிட்டர். ஒரு லிட்டர் போதும் என்று போகிறவர்கள் பதினொரு மணிக்கே திரும்பிவிடுகிறார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு ஒன்று. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் போட்டுக் குடித்தால் உப்பு கூடி வயிற்றைக் கலக்கும்.

நிழல் கிடையாது. குடை அங்கே காற்றுக்கு நிற்காது, கம்பி மடங்கிவிடும். எட்டு முழ வேட்டி ஒன்றும் நாலு துண்டுக் கயிறும் கொண்டுபோய்ப் பாறைக்கும் மரத்துக்கும் குறுக்கே தாழ்வாகக் கட்டுங்கள். காற்றுப் பக்கத்து விளிம்பைத் தரையோடு சேர்த்துக் கல் வைத்துவிட்டால் பறக்காது. உடம்புக்குக் களிம்பைவிட முழுக்கை பருத்திச் சட்டையே நல்ல காவல். முதுகும் பின்கழுத்தும்தான் முதலில் வெந்துபோகும். உடை மாற்ற அறை இல்லை. ஒரு போர்வையும் இரண்டு பெண்களும் இருந்தால் மறைப்பு ஆயிற்று.

பின்பட்டையுள்ள செருப்பு, டார்ச், ஊதல் ஒன்று, காயத்துக்கு மருந்தும் துணியும், குப்பைக்குக் கெட்டியான இரண்டு பை. அங்கே குப்பைத் தொட்டியும் இல்லை, அள்ள ஆளும் இல்லை. கொண்டுபோன கேரிபேக்கும் பாட்டிலும் உங்களோடு புல்மோட்டை திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர், கோபுரம், கொடி ஒன்றும் கிடையாது என்பதால் எப்போதும் ஒருவர் நனையாமல் கரையில் உட்கார்ந்து மற்றவர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

இலங்கையில் ஆம்புலன்ஸுக்கு 1990, போலீசுக்கு 119. புறப்படும் முன் இடத்தின் பெயரைத் தமிழில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்: ‘புல்மோட்டை அரிசிமலைக் கடற்கரை’.

கேள்வி: அந்த மணலில் ஒரு டப்பா எடுத்து வந்து வீட்டில் வைக்க ஆசை. தப்பா? (திருத்துறைப்பூண்டி வாசகி)

ஆசை புரிகிறது. ஆனால் வருகிறவர் எல்லோரும் ஒரு டப்பா எடுத்தால் சின்னக் குடா எத்தனை நாள் தாங்கும்? படம் எடுத்துக்கொள்ளுங்கள். பவளத் துண்டையோ சிப்பியையோ எடுத்து வந்தால் சங்கடம் பெரிது. தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது அங்கே குற்றம். இந்தியாவிலும் பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது; கரையில் ஒதுங்கிய செத்த துண்டுதானே என்ற பேச்சைச் சுங்கத்தில் ஏற்க மாட்டார்கள். குளித்துவிட்டு வரும்போது பை, செருப்பு மடிப்பு, குழந்தைகளின் கால்சட்டைப் பை எல்லாவற்றையும் கரையிலேயே உதறிவிடுங்கள்.